நான் ஒட்டிய தேயிலை அட்டை

அன்பு மகளே,

காய்ச்சிய மாப்பசையின் வாடை நேற்று மாலையிலிருந்து வீட்டை விட்டுப் போகவில்லை. கிண்ணத்தைக் கழுவவும் எனக்கு மனம் வரவில்லை. உன் லூசியா தீப்பெட்டிகளால் செய்த ரயில்வண்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். இன்று எல்லாப் பிள்ளைகளின் கைவேலையையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்ப்பார்களாம். மணி இரண்டுதான் ஆகிறது. மூன்றுக்குத்தான் வருவாள். வாசலுக்கும் மேசைக்குமாக நடந்து அலுத்து, உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நேற்று மாலை அவள் சக்கரம் ஒட்டும்போது எதிரே இருந்தேன். வெட்டிய வட்டங்களில் ஒன்றுகூட வட்டமில்லை. மூன்றாவது பெட்டி இடப்பக்கம் சாய்ந்திருந்தது. திருத்தப் போய்விடாதபடி நான் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

“நேரா இருக்கா அம்மாச்சி?”

“இல்ல. கோணலா இருக்கு.” பொய் சொல்ல எனக்கு வராது, உனக்குத் தெரியும்.

“பண்டாரவளை ரயிலு மலையச் சுத்தி வளைஞ்சு வளைஞ்சுதானே வருது? இதுவும் அப்புடித்தான்.”

சிரித்தேன். ஆனால் உன் பள்ளிக்காக ஒட்டிய அந்தத் தேயிலை அட்டை நினைவுக்கு வந்தது. அன்று உனக்கும் அவளைப்போல எட்டு வயது.

அப்போது நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் உன் அப்பா பெரிய கிளாக்கர். கன்னியர் மடத்துப் பள்ளியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாய். செடியிலிருந்து தேயிலை எப்படிக் கோப்பைக்கு வருகிறது என்று ஓர் அட்டையில் ஒட்டிக் காட்டவேண்டும். தொழிலாளர் லயத்தில் குடியிருந்த, கொழுந்து கிள்ளும் காமாட்சியிடம் போய், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து வாங்கி வந்தாய். தாளுக்குள் அது சுருண்டு கசங்கியிருந்தது. “இந்தக் குப்பையையா கொண்டு போவ?” என்று வெளியே எறிந்தேன். தோட்டக்காரனை அனுப்பி, ஒரே அளவில் பெரிய பச்சை இலைகளாகப் பறித்துவரச் சொன்னேன். அவற்றை இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து, அளவுகோல் வைத்து, நானே ஒட்டினேன்.

“அம்மா, அது முத்தின இலைம்மா. அத யாரும் கிள்ள மாட்டாங்க.” இரண்டு தரம் சொன்னாய்.

“நீ பசையக் கிண்டு.”

பன்னிரண்டு வருடம் தேயிலைக்கு நடுவே குடியிருந்தவள் நான். ஒரு நாளாவது கொழுந்து பறிக்கும் மலைக்குள் கால் வைத்ததில்லை. கிளாக்கர் வீட்டம்மா அங்கெல்லாம் போவதாவது!

பள்ளியில் பார்வைக்கு வைத்த அன்று, வந்திருந்த தோட்டத் துரை ஒருவர் உன் அட்டையைத் தூக்கிப் பிடித்தார். “இந்த எலெ கொண்டு வந்தா, கூடெ எல்லாம் கொட்டு சொல்லும் நான்!” என்றார் தனக்குத் தெரிந்த தமிழில். கூடம் முழுக்கச் சிரித்தது.

“யாரு ஒட்டினது?”

“நான்தாங்க” என்றாய். தாய்மார் வரிசையில் உட்கார்ந்திருந்த நான் எழுந்திருக்கவில்லை.

நீ அழவில்லை. என்னைக் குறை சொல்லவுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த விடுமுறையிலும் உன் புத்தகப் பையை என் முன்னால் திறக்கவில்லை. பெரியவளானாய், கல்யாணமாகிப் பிள்ளை பெற்றாய். போன வருடம் காய்ச்சலில் கிடந்தபோது, எங்கே வலிக்கிறது என்று எத்தனை முறை கேட்டேன்? “ஒண்ணுமில்லம்மா.” நீ கண் மூடும்வரை அதுதான்.

ரயில் கோணலென்று பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். இவளும் வீட்டுக்கு வந்து “ஒண்ணுமில்ல அம்மாச்சி” என்று சொல்லிவிடுவாளோ, அதுதான் என் பயம்.

வாசற்படலை திறக்கும் சத்தம் கேட்கிறது.

பேனாவை மறுபடி இப்போதுதான் எடுக்கிறேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்திக்கொண்டே வந்தாள். “அம்மாச்சி, எல்லாரும் சிரிச்சாங்க! மூணாவது பெட்டி கவுந்துருச்சு. அந்தப் பிலோமினா, இது ரயிலா, படுத்துக் கெடக்குற எருமையான்னு கேக்குறா!” என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். மகளே, அவள் சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அழுகை நின்றதும் உன் தேயிலை அட்டையைப் பற்றிச் சொன்னேன். இத்தனை வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

“அந்தத் தப்பு எலைய யாரு ஒட்டினது?”

“நான்தான்” என்றேன்.

பசைக் கிண்ணத்தை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்து, கவிழ்ந்த பெட்டியைத் தானே ஒட்டுகிறாள். அது மறுபடியும் இடப்பக்கம்தான் சாய்கிறது. ஒரு கை உனக்கு எழுதுகிறது. மற்றதை முந்தானைக்குள் இறுகப் பிடித்து வைத்திருக்கிறேன்.

அம்மா