ரோபோவுக்குக் குரல் கொடுத்தவளுக்கு

அன்புள்ள குரலரசிக்கு,

நீ குரல் கொடுத்த கார்ட்டூனை நேற்று நானும் சின்னவளும் பார்த்தோம். உள்ளதைச் சொன்னால், கதை சப்பென்று இருந்தது. பறக்கும் வீரனை யாரோடும் பழகவிடாமல் அவனுடைய ரோபோ வீட்டுக்குள் பூட்டிவைக்கிறது. அவன் ஒரே குத்தில் அதை உடைத்துவிட்டுப் பறந்துவிடுகிறான். அவ்வளவுதான்.

ஆனால் உன் குரல் இருக்கிறதே! "என்னை விட்டுட்டு எங்க போற?" என்று நீ கேட்டதும் அந்தத் தகர டப்பாவுக்கே உயிர் வந்துவிட்டது. சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவம்ப்பா, அதுக்கு அவன விட்டா யாரு இருக்கா?"

"அதுக்காகப் பூட்டி வைக்கலாமா?" என்றேன். சொன்ன பிறகுதான் நீ போனில் கேட்டது நினைவுக்கு வந்தது.

ரெக்கார்டிங்குக்குப் போன இடத்திலேயே நிரந்தர வேலை தருகிறார்கள் என்று நீ போனில் சொன்னபோதெல்லாம், பிடிகொடுக்காமல் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். இங்கே மழையெல்லாம் ஒன்றும் இல்லை.

நீ சேர்ந்துவிடு. அந்தக் குரலை ஊர் உலகம் கேட்கட்டும். பள்ளி விடுமுறை விட்டதும் நாங்கள் அங்கே வந்து நிற்போம்.

இன்று காலை சின்னவளுக்கு நானே தலை பின்னினேன். கோணல்தான், ஆனாலும் சாயங்காலம்வரை அவிழவில்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்