முதல் விசில்

கோபித்துக்கொண்டு தலைமறைவான ரசிகர் மன்றத் தலைவரும் என் தந்தையுமானவருக்கு,

நம் நடிகர் போய்விட்ட செய்தி உங்கள் வாடகை அறைக்கும் எட்டியிருக்கும். நேற்று தியேட்டரில் அஞ்சலியாக அவருடைய பழைய படத்தைப் போட்டார்கள். திரைக்குக் கீழே அவர் படமும் பூக்குவியலும். டீக்கடைக்காரர் வாய்விட்டு அழுதார். எப்போதும் அவரைக் கலாய்க்கிற நான் நேற்று என் கைக்குட்டையைக் கொடுத்தேன்.

உங்கள் ஓரத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. அதற்குப் பக்கத்தில் நானும் அம்மாவும்.

“உனக்குத்தான் இந்த ஆள் மூஞ்சியே பிடிக்காதே, எதுக்கும்மா வந்த?”

“ஏசி காத்து வாங்கலாம்னு வந்தேன்டா.”

ஏசி ஓடவே இல்லை. அவள் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நம் நடிகர் திரையில் வந்தார். யாரும் கைதட்டவில்லை. முதல் விசில் உங்களுடையது, பிறகுதான் மற்றவர்கள் என்பது மன்ற வழக்கமாயிற்றே. மொத்தக் கூட்டமும் கதவைத் திரும்பிப் பார்த்தது. திரையில் அவர் பாவம், கேட்பாரில்லாமல் நடந்துகொண்டிருந்தார்.

பெயிண்டர் மாமா என் முதுகில் தட்டினார். “நீ அடிடா. அவன் புள்ளதானே?”

விரலை மடக்கி ஊதினேன். காற்றுதான் வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் கொடுமை.

அப்போது என் காதருகே ஒரு விசில் அரங்கத்தையே கிழித்துக்கொண்டு போனது. அம்மா. அதன் பிறகு எழுந்த கைதட்டல் அடங்கவே இல்லை.

கல்யாணமான புதிதில் நீங்கள் கற்றுக்கொடுத்ததாம். எனக்கும் சொல்லித் தா என்றேன்.

“உங்கப்பாவையே வந்து சொல்லித்தரச் சொல்லு” என்றாள்.

சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
வெறும் காற்று விடும் உங்கள் வாரிசு