பசறை ரோட்டில் நிற்காத கார்

அத்தை,

இன்று பள்ளிக்கூடம் விட்டதும் போய்க் காரின் கதவைத் திறந்தேன். காலையிலிருந்து வெயிலில் நின்ற கார். முன் இருக்கையிலிருந்து உங்கள் தைலத்தின் வாசனை எழுந்து முகத்தில் பட்டது. நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. சீட் உறையைக் கழற்றித் துவைத்தும்விட்டேன். ஆனாலும் வெயில் காய்கிற நாட்களில் அது எங்கிருந்தோ வந்துவிடுகிறது. சாவியைத் திருகாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நமுனுகுல மலை உச்சியில் மேகம் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. பக்கத்தில் நீங்கள் இருப்பது போலவே தோன்றியது, பேசாமல், இரண்டு கையாலும் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு.

அந்த இருக்கையில் உங்களை உட்கார வைக்க நான் பட்ட பாடு! உங்கள் மகன் கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது அந்தப் பழைய காரை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். நானும் ஓட்டப் பழகி, லைசன்ஸ் எடுத்து, படிப்பிக்கப் போவதற்கு அதையே வைத்துக்கொண்டேன். நீங்களோ பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு பஸ்ஸில்தான் போவீர்கள். நம் லயத்து வீட்டுக்குக் கீழே கார் நிற்கும். அதைப் பார்க்காதவர் போலத் தாண்டி பஸ்ஸுக்கு நடப்பீர்கள். மருமகள் ஓட்டும் காரில் ஏறக் கூச்சம் என்று முதலில் நினைத்தேன். பிறகு, என்னையே பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். காலில் புண் வந்து, பஸ் நெரிசலில் நிற்க முடியாமல் போன பிறகுதான் ஏறினீர்கள்.

"மெதுவா போ புள்ள" என்றீர்கள். பசறை வரைக்கும் கதவுப் பிடியை விடவில்லை.

பசறை தாண்டி ஏற்றத்தில் போகும்போது ஒரு வளைவில் கார் நின்றது. சத்தம் இல்லை, புகை இல்லை. ஓடிக்கொண்டிருந்த என்ஜின் சட்டென்று அடங்கிப்போனது. சாவியைத் திருகத் திருக என்ஜின் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்னை அமுக்கினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தீர்கள். ரோட்டோரத்தில் ஒரு மரக்கொப்பை முறித்து, வருகிற வண்டிகளுக்குத் தெரியும்படி காருக்குப் பின்னால் போட்டீர்கள்.

"அழுவாத. சூடு ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு, ரோட்டோரக் கல்கட்டின் மேல் உட்கார்ந்து வெற்றிலை மடித்தீர்கள். குரல் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் சுண்ணாம்பு தடவாமலே வெற்றிலையை வாயில் போட்டீர்கள். வயதின் மறதி என்று எண்ணிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிளினிக் நாளும் இதே கதை. என்ஜின் நன்றாகச் சூடேறி அந்த ஏற்றத்துக்கு வந்ததும் நின்றுவிடும். ஆறியதும் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பும். அப்படி நின்ற ஒரு காலையில் பனி வந்து நம்மை மூடியது. கீழே தேயிலை தெரியவில்லை. கொழுந்து எடுக்கும் பெண்களின் பேச்சு மட்டும் எங்கோ மிதந்து வந்தது. நான் காருக்குள், நீங்கள் அந்தக் கல்கட்டின் மேல். பனியைப் பார்த்தபடியே, என்னிடம் சொல்வது போலவும் இல்லாமல், சொல்லத் தொடங்கினீர்கள்.

"இதே எடந்தான் புள்ள. எனக்கு வலி வந்து கொழுந்து லொறியில ஏத்திக்கிட்டு போனாங்க. இந்த வளைவுல லொறி நின்னுருச்சு. உன் மாமா வேற வண்டி தேடி பசறைக்கு ஓடுனாரு. அவரு வர்றதுக்குள்ள பொறந்துருச்சு. பொம்பள புள்ள. ஒருக்கா அழுதுச்சு. அம்புட்டுதான்."

நான் இறங்கி வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உங்க மகனுக்குத் தெரியுமா அத்தை?" என்று மட்டும் கேட்டேன்.

"அவன் அதுக்கப்பறம் பொறந்தவன். உன் மாமா இருக்கும்போதும் நாங்க அத பேசிக்கல. பொறவு சொல்ற மாதிரி ஒரு நாளு வரல." என் பக்கம் திரும்பி, "பஸ்ஸுன்னா நின்னாலும் நாலு பேரு இருப்பாங்க. அதான் உன் கார்ல ஏறாம இருந்தேன். நீ வேற ஒண்ணும் நெனைக்காத" என்றீர்கள்.

நான் எதையெல்லாமோ நினைத்திருந்தேன் அத்தை. அதெல்லாம் அந்தப் பனியோடு கரைந்துபோனது.

அன்று மாலை உங்கள் மகனிடம் போனில் கார் நிற்பதைச் சொன்னேன். "வித்துருவோம். அத நம்பி அம்மாவ ஏத்தாத" என்றார். நீங்கள் என் கையிலிருந்து போனை வாங்கினீர்கள். "விக்காதடா. அந்த ரோட்டுல அது நிக்காம போகணும். அதுக்கு என்னா செய்யணுமோ அத செய்யச் சொல்லு." அம்மாவுக்கு ஏன் திடீரென்று கார் மேல் இத்தனை ஆசை என்று அவருக்குப் புரியவில்லை.

பதுளைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் கராஜுக்குப் போனோம். அங்கே மெக்கானிக்காக இருந்த முஸ்லிம் நானா நாம் சொன்னதை முழுவதும் கேட்டார். "இது கிராங்க் சென்சர் வேலதான் டீச்சர். சூடாகினா அது பேசாது. அது பேசாட்டி என்ஜினுக்கு எப்ப நெருப்பு குடுக்குறண்டு கம்பியூட்டருக்கு தெரியாது" என்றார். பழையதைக் கழற்றிக் காட்டினார். கட்டைவிரல் அளவு கறுப்புச் சாமான். புதியதைப் பூட்டினார். அடுத்த கிளினிக்குக்கு நிற்காமல் போய் வந்தோம். அதற்கடுத்த முறை, அதே வளைவில், மறுபடியும் நின்றது. நீங்கள் இறங்கிக் கொப்பு முறிக்கப் போனீர்கள். அந்த முதுகைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

இந்த முறை நானா சென்சரைக் கழற்றி, அது இருந்த ஓட்டைக்குள் சின்ன லைட் அடித்து, என்ஜினைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்த்தார். "ஆ, இந்தா இருக்கு" என்றார். என்ஜினோடு சேர்ந்து சுற்றும் பல் வளையம் ஒன்று உள்ளே இருக்கிறது. அதன் பற்களைப் பார்த்துத்தான் சென்சர் பேசுமாம். அந்த வளையத்தில் வெடிப்பு விழுந்து, ஒரு பல்லும் உடைந்திருந்தது. சூட்டில் வெடிப்பு விரியும்போது சென்சருக்குக் கணக்குத் தவறிவிடுகிறதாம். நீங்களும் பார்க்க வேண்டும் என்றீர்கள். சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தீர்கள்.

"அம்மா, அதுல ஒரு எடத்துல வேணும்டே பல்லு வைக்காம உட்டிருக்கு. சுத்து அங்கதான் ஆரம்பம்" என்று நானா விளக்கினார். "இப்ப ரெண்டு எடத்துல பல்லு இல்ல. அப்ப அது எத ஆரம்பம்டு எடுக்கும்?"

"எனக்கு எத்தன பல்லு போயிருக்கு! நான் ஓடலயா?" என்றீர்கள். நானாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நீங்கள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

வளையத்தை மாற்ற கியர் பாக்ஸையே இறக்க வேண்டியிருந்தது. புதியது கொழும்பிலிருந்து வரும்வரை கார் கராஜில் கிடந்தது. நீங்கள் பஸ்ஸில் போகவில்லை. அடுத்த கிளினிக்கைத் தள்ளிப்போட்டுவிட்டு, காருக்காகக் காத்திருந்தீர்கள்.

திரும்பி வந்த காரில் போன முதல் நாள். ஏற்றம் தொடங்கியதும் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். என் கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. வளைவு வந்தது, பின்னால் போனது. தேயிலைச் சரிவு வெயிலில் மெல்லத் திரும்பிக்கொண்டே இருந்தது.

"தாண்டிருச்சா?"

"தாண்டிட்டோம் அத்தை."

கண்ணைத் திறக்காமலே தலையாட்டினீர்கள். பதுளை வரும்வரை அப்படியே, தூங்குகிறவர் போல வந்தீர்கள்.

பிறகு மேல் லயத்துப் பெண்ணுக்கு வலி வந்த அந்தக் காலை. வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடியிருந்த நேரம் அவள் புருஷன் ஓடி வந்தான். தோட்டத்து வண்டி வேறெங்கோ போயிருந்தது. நான் சாவியை எடுப்பதற்குள் நீங்கள் பின் இருக்கையில் ஏறி, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டீர்கள். "ஓட்டு புள்ள. இது நிக்காது" என்றீர்கள். அந்த ரோட்டில் அவ்வளவு உறுதியான ஒரு குரலை நான் கேட்டதில்லை. அன்று அந்த வளைவைத் தாண்டியது எனக்கு நினைவே இல்லை. கண்ணாடியில் உங்கள் கை அவள் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தது மட்டும்தான் நினைவு.

ஆஸ்பத்திரியில் பிறந்தது பெண் குழந்தை. நல்ல சுகம். அந்தப் பெண்ணின் தாய் பின்னால் வந்து சேர்ந்து, பிள்ளையை உங்களிடம் நீட்டினாள். "கை அழுக்கு" என்று சொல்லிவிட்டு விலகிப் போய்விட்டீர்கள். தேடி வந்தேன். காரின் முன் இருக்கையில் தனியே உட்கார்ந்திருந்தீர்கள். முந்தானை நனைந்திருந்தது.

வரும் வழியில், அந்த வளைவில், "நிப்பாட்டு" என்றீர்கள். நிறுத்தினேன். நீங்கள் இறங்கி நின்று, கீழே வெகுநேரம் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் பிறந்த உங்கள் பிள்ளைக்கு நீங்கள் வைத்த பெயரைச் சொன்னீர்கள். அது மூச்சோடு இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் வைத்த பெயர்.

"அவன்கிட்ட சொல்லணும்னு உனக்கு தோணுனா, நான் போனப்பறம் சொல்லு."

நீங்கள் போனதும் உங்கள் மகன் வந்தார். கருமாதி முடிந்து, திரும்பிப் போகும் நாளில் அவரைப் பதுளை ஸ்டேஷனுக்கு நான்தான் கூட்டிப்போனேன். வளைவு வந்ததும் வேகத்தைக் குறைத்தேன்.

"என்னா, மறுபடியும் நிக்கப் போகுதா?" என்று பதறினார்.

"இல்லங்க. நாந்தான் நிப்பாட்டுறேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இறங்கிப்போய் நீங்கள் உட்காரும் கல்கட்டின் மேல் உட்கார்ந்தார். பெயரைக் கேட்டார். சொன்னேன். ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் அவசரப்படுத்தவில்லை.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை அத்தை. உங்களுக்குத் தெரிந்த பெயர்தானே. அது இப்போது எங்கள் இருவரிடமும் இருக்கிறது. நான் பதுளைக்குப் போய்வந்தேன் என்று போனில் சொன்னால், கட்டாரிலிருந்து உங்கள் மகன் முன்பெல்லாம் "கார் ஒழுங்கா ஓடுச்சா?" என்று கேட்பார். இப்போது கேட்பது வேறு.

"அக்காவ பாத்தியா?"

"பாத்தேங்க" என்கிறேன்.