கிழங்கு நீலம், முகம் மஞ்சள்

நவம்பர் 9, ஞாயிறு

காலையிலிருந்து மூடுபனி. எதிர் வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. துணி காயவே இல்லை. காப்பிப் பழம் பறிக்க வருவதாகச் சொன்ன ஆட்கள் வரவில்லை.

லேப்டாப் மறுபடி நின்றது. மரவள்ளி வடகம் வீடியோ முக்கால்வாசி ஓடி முடிந்து, திரை கறுத்து, அவ்வளவுதான். உள்ளே விசிறி மட்டும் மாவு மில் போல. கை வைத்தால் சுடுகிறது. இனி இதை நம்ப முடியாது.

மாலை நெட் கிடைத்தபோது பழைய வீடியோவுக்கு வந்த கருத்துகளைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

'அக்கா பேச்சு சூப்பர். முகம் ஏன் இவ்ளோ மஞ்சள்?'

'கலர் யார் பண்றது? கொடுமை.'

'எடிட்டர் தூங்குறாரா? கிழங்கு நீலமா இருக்கு, அக்கா மஞ்சளா இருக்காங்க.'

எடிட்டர் ஆண் என்றே முடிவு செய்துவிட்டார்கள். போகட்டும். நீலம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். போன மாதமும் மஞ்சள் மஞ்சள் என்றார்கள். நான்தான் நீலத்தை ஏற்றினேன். ஏற்றியும், வீடியோவில் பேசும் பழனியம்மாவின் முகம் மட்டும் அப்படியே. என் திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. திரையே பொய் சொல்கிறதா?

கெரசின் இல்லை. தீப்பெட்டி வாங்க வேண்டும்.

நவம்பர் 10, திங்கள்

தங்கை மகள் நித்யாவுக்கு போன். பெங்களூரில் விளம்பரப் படங்கள் வெட்டி ஒட்டுகிறவள். என் லேப்டாப்பின் வயதைச் சொன்னதும் சிரிப்பு.

"பெரியம்மா, அதை மியூசியத்துக்குக் குடுங்க. அதுல எப்படி கலர் பாக்கறீங்க? திரை ஒரு பக்கம் இழுக்கும், நீங்க இன்னொரு பக்கம் திருத்துவீங்க. எல்லாமே கோணலாத்தான் வரும்."

நான் கேட்டேன், முகம் மட்டும் எப்படி மஞ்சளாகும்?

"திரைதான் பெரியம்மா. வேற என்ன?"

அவள் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். முதலில் திரை, பிறகுதான் மற்றது. நிறம் உள்ளபடி காட்டும் திரை. தனி கிராபிக்ஸ் கார்டு. ரேம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. பளபளக்கும் கண்ணாடி வேண்டாம். விளையாட்டுப் பிள்ளைகள் வாங்கும், கீபோர்டில் வானவில் எரியும் மாடலை விற்பார்கள், அதன் திரையைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

விலை கேட்டேன். சொன்னாள். மறுபடி சொல்லச் சொன்னேன். முதலில் சொன்னதையேதான் சொன்னாள். போனை வைத்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

பனி விலகி நல்ல வெயில். பழனியம்மா வீட்டில் படப்பிடிப்பு. சாமைப் பாயசம்.

கல்லூரி வேலையை விட்டு மலைமேல் இந்தக் குண்டூர் நாட்டில் வீடு எடுத்தபோது இப்படி ஒரு சேனல் நடத்துவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். ஆரம்பித்தவள் அவள். 'நீங்க எடுங்க, நான் பேசறேன்' என்றாள். இன்றுவரை அந்த ஏற்பாடுதான். எனக்கும் அது வசதி. முகத்துக்கு நேர் பார்த்துப் பேசுவது எனக்கு என்றும் வராது. நடுவில் கேமரா இருந்தால் வரும்.

இன்று அவளுக்குப் பேச்சு குறைவு. பேசும்போதே முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தாள். இரண்டு இடத்தில் வெட்ட வேண்டியிருக்கும்.

"சாமைச் சுணைங்க டீச்சரு. அறுப்புல புடிச்ச அரிப்பு, இன்னும் உட மாட்டேங்குது. மஞ்சளை அரைச்சு ஒடம்பெல்லாம் பூசிக்கிட்டுத்தான் கெடக்கறேன்."

மஞ்சள் பூசினால் கேமராவில் அப்படித்தான் தெரியும், படம் எடுக்கும் நாளில் வேண்டாம் என்றேன்.

"அப்ப லேப்டாப்பு கோளாறுன்னு சொன்னீங்க?"

"இரண்டும்தான்."

"புதுசு வாங்குங்க. நான் அதுல செவப்பா வரோணும், ஆமா."

அவள் நாத்தனார் சரசு, வாசலில் முறம் வைத்துக்கொண்டு: "நீ செவப்பா வர்றதுக்கு லேப்டாப்பு பத்தாது அண்ணி, சாமி வந்தாத்தான் உண்டு."

பழனியம்மாவின் ஜாக்கெட் தோளில் நழுவிக்கொண்டே இருந்தது. தையல்காரி அளவைக் கெடுத்துவிட்டாளாம். பாயசத்தை அவள் சுவைக்கும் காட்சி இரண்டு தடவை எடுத்தேன். இரண்டு தடவையும் நாக்கில் தொட்டுவிட்டுக் கீழே வைத்துவிட்டாள். நடிப்பு போதவில்லை என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

நவம்பர் 13, வியாழன்

முள்ளுக்குறிச்சி வழி பஸ்ஸில் ராசிபுரம். வளைவுகளில் முன் சீட்டுப் பெண் வாந்தி. எலுமிச்சம்பழம் கொடுத்தேன்.

கடைகளில் காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் எப்போதும் ஒரே வகை வீடியோ. அருவி, கிளி, ஆரஞ்சுப் பழம். எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். அதனால் என் படத்தையே பென் டிரைவில் கொண்டு போனேன். நான் கை வைக்காத, கேமராவில் இருந்தபடியே உள்ள இரண்டு கிளிப். ஒன்று போன மாதம்: பழனியம்மாவும் சரசுவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மரவள்ளி தோல் உரிப்பது. இன்னொன்று கோடையில் எடுத்தது: பலாப்பழம்.

கடைக்காரருக்கு இளவயது. "மேடம், வீடியோ எடிட்டிங்னா கண்ணை மூடிட்டு இதை எடுங்க" என்று வானவில் கீபோர்டைத்தான் தள்ளினார். நித்யா சொன்னபடியே.

முதல் லேப்டாப்பில் மரவள்ளி கிளிப். கிழங்கு வெள்ளை. பழனியம்மா மஞ்சள்.

இது சரியில்லை என்றேன். இரண்டாவது. கிழங்கு வெள்ளை. பழனியம்மா மஞ்சள். திரை அமைப்பை மாற்றச் சொன்னேன். மாற்றினார். மூன்றாவதாக, படம் வரைகிறவர்கள் வாங்குவது என்று உள்ளேயிருந்து ஒன்றைக் கொண்டு வந்து வைத்தார். நல்ல திரை. கிழங்கில் ஒட்டிய மண்துகள்கூடத் தெரிந்தது. பழனியம்மா மஞ்சள்.

இதுவும் கலர் தப்பு என்றேன். எனக்கே என் குரல் கடுமையாக இருந்தது.

அவர் சிரித்துக்கொண்டே, "என்ன மேடம், பக்கத்துல இருக்கிற அம்மா நல்லாத்தான இருக்காங்க. லேப்டாப் இவங்களுக்கு மட்டும் தனியா கலர் போடுதா?"

விளையாட்டுக்குத்தான் சொன்னார்.

நான் சரசுவைப் பார்த்தேன். மாநிறம். அதே வெயில், அதே திண்ணை, அதே கேமரா. அவள் பல் வெள்ளை. அவள் கண் வெள்ளை.

பழனியம்மாவின் முகத்தைப் பெரிதாக்கினேன். மஞ்சள் பூச்சு முகத்தில் இருக்கலாம். கண்ணுக்குள் யார் பூசினார்கள்?

இரண்டு விழியும், ஓரம் வரை, பழுத்த எலுமிச்சை நிறம்.

கோடையில் எடுத்த கிளிப்பைப் போட்டேன். அதே திரை. பலாச்சுளை மஞ்சள். அவள் கண் வெள்ளை வெளேரென்று.

கடைக்காரர் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டது, ஆனால் காதில் ஏறவில்லை. பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். குடையை அங்கேயே விட்டேன் என்பது பஸ் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

மலைப்பாதையில் சிக்னல் இல்லை. போன் செய்தாலும் என்ன சொல்வது.

அதே நாள், மாலை

இறங்கியதும் நேராக அவள் வீடு. வெளிச்சம் இருந்தது. களத்தில் காப்பிப் பழத்தைப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சரு. லேப்டாப்பு எங்கீங்க? வெறுங்கையோட வாரீங்க?"

"இப்படி வெளிச்சத்துக்கு வாங்க. கண்ணைக் காட்டுங்க."

"ஏனுங்க, மாப்பிள்ளை ஊட்ல பொண்ணு பாக்கற மாதிரி?" சிரித்தாள். சிரித்தால் அவள் கண் இடுங்கிவிடும். எப்போதும் சிரித்துக்கொண்டேதான் இருப்பாள்.

தாடையைப் பிடித்துத் திருப்பினேன். இத்தனை வருடத்தில் அவளை நான் தொட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். திரையில் பார்த்ததைவிட மோசம்.

எத்தனை நாளாக என்றேன். அவளுக்குத் தெரியவில்லை. பசி இல்லை, எண்ணெய் வாசம் ஆகவில்லை, அரிப்பு, ஒன்றுக்குப் போனால் டீத்தண்ணி மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். சுணை. வெயில். வயசு.

அவள் வீட்டுக்காரர் ராமசாமி அண்ணன் உள்ளேயிருந்து வந்தார்.

"நான் ஆயுத பூசைக்கே சொன்னனுங்க. மூஞ்சி மஞ்சப் பூத்துக் கெடக்குது, டவுனுக்குப் போலாம் வான்னு. சண்டைக்கு வந்துட்டா."

"நான் என்னத்தைக் கண்டேன்? நானும் போன்ல பாத்தேன், மஞ்சளாத்தான் இருந்துச்சு. டீச்சரு லேப்டாப்பு கோளாறு, புதுசு வாங்கப் போறாங்கன்னு சொன்னேன்."

"ஏம்மா, நான் உன்னைய வீடியோவுலயா பாத்தேன்? ஊட்டுக்குள்ள நேர்ல பாத்துத்தான சொன்னேன்!"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். குற்றம் சொல்லும் பார்வை இல்லை. இப்போது என்ன சொல்வீர்கள் என்று கேட்கும் பார்வை. கலர் பற்றி நான் சொன்னால் அவளுக்கு அதுதான் முடிவு.

உட்கார இடம் தேடினேன்.

கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்க்கலாமா என்றார் அண்ணன். முதலில் டாக்டர் என்றேன். காலை முதல் பஸ்.

நவம்பர் 14, வெள்ளி

நாமக்கல். தனியார் ஆஸ்பத்திரி. கூட்டம். ரத்தம் எடுத்தார்கள், வயிற்றில் ஸ்கேன்.

பெண் டாக்டர், கறாரானவர். கண்ணைப் பார்த்த அடுத்த நொடி முகம் மாறியது. பித்தம் இறங்கும் குழாயில் அடைப்பு. கல்லாக இருக்கலாம். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். வலியே இல்லாமல் மஞ்சள் ஏறுவதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த 'வேறு ஏதாவது' என்ன என்று நான் கேட்கவில்லை. அண்ணனும் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் தெரியும்.

"எப்ப ஆரம்பிச்சதுன்னு யாராவது சொல்ல முடியுமா? எடை எப்ப குறைய ஆரம்பிச்சது? விட்டுவிட்டு வந்ததா, ஒரேயடியா ஏறிச்சா?"

அண்ணன்: "ஆயுத பூசைக்குங்க… அதுக்கு முந்தியும் இருக்குமுங்க."

நான் சொல்ல முடியும் என்றேன். நாளை மறுநாள் கொண்டு வருகிறேன் என்றேன். பழனியம்மாவை அங்கேயே சேர்த்துவிட்டு நான் மட்டும் திரும்பினேன்.

நவம்பர் 15, சனி

மழை. வீட்டில் ஹார்டு டிஸ்க்கைத் திறந்து எல்லா வீடியோவின் அசல் கிளிப்பையும் வரிசையாகப் போன் திரையில். என் லேப்டாப்பைத் தொடவில்லை.

ஆடிப்பெருக்கு: வெள்ளை.
ஆவணி, தேன் வீடியோ: கண் ஓரத்தில் சந்தேகம்.
புரட்டாசி முதலில்: நிச்சயம் மஞ்சள்.
அதற்கடுத்த வாரம், நெல்லிக்காய்: குறைந்திருக்கிறது!
ஆயுத பூஜை: மறுபடி ஏறியது.
பிறகு இறங்கவே இல்லை.

பிறகு எடிட்டிங் கோப்புகளைத் திறந்தேன். அதற்கு லேப்டாப் வேண்டியிருந்தது. எந்த வீடியோவில் எவ்வளவு திருத்தினேன் என்பதெல்லாம் அதில் அப்படியே நிற்கிறது. அவள் முகத்தில் மஞ்சள் ஏற ஏற நான் நீலத்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். நெல்லிக்காய் வீடியோவில் மட்டும் குறைத்திருக்கிறேன். எனக்குத் தெரியாமல் என் கைக்குத் தெரிந்திருக்கிறது. டாக்டர் கேட்ட அத்தனையும் இதில் இருந்தது. நான் அதை அழிக்கும் வேலையைச் செய்துகொண்டிருந்தேன்.

சாப்பிடவில்லை. பூனைக்கு மட்டும் சோறு வைத்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

டாக்டரிடம் கிளிப்புகளைக் காட்டினேன். நெல்லிக்காயில் நிறுத்தி, திரும்பப் போட்டுப் பார்த்தார். "நடுவுல குறைஞ்சிருக்கு. நல்லது" என்றார். கல் அசைந்து வழிவிட்டிருக்கலாமாம். 'வேறு ஏதாவது' அப்படி வழி விடாதாம், பெரும்பாலும். உறுதி இல்லை, உள்ளே பார்த்தால்தான் தெரியும், செவ்வாய்க்கிழமை என்றார்.

நல்லது என்ற சொல்லை நான் நம்பவில்லை. ஆனால் அண்ணனிடம் சொன்னேன்.

பழனியம்மா கட்டிலில்: "காப்பி பறிக்கற நேரத்துல இங்க வந்து படுத்துக்கிட்டேன். சரசு ஒருத்தி என்ன பண்ணுவா." பிறகு மெதுவாக: "டீச்சரு, நீங்க சொல்லுங்க. கல்லுதானுங்களா?"

தெரியவில்லை என்றேன். இந்த ஒரு தடவையாவது எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லக்கூடாது.

என் கையைப் பிடித்தாள், விடவில்லை. நானும்.

நவம்பர் 18, செவ்வாய்

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வெளியே பெஞ்சில் நானும் அண்ணனும். எதிரே ஒரு பெண் யாரிடமோ போனில், "இல்லக்கா, ரசம் வேண்டாம், கஞ்சியே போதும்" என்று திரும்பத் திரும்ப. அந்த ரசத்தைத் தவிர எனக்கு எதுவும் நினைவில்லை.

கல்.

கல்லேதான். எடுத்துவிட்டார்கள். டாக்டர் சிறிய டப்பாவில் காட்டினார். மிளகைவிடச் சற்றுப் பெரியது. அண்ணன் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, "இத்துனூண்டா?" என்று கேட்டார். பிறகு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பித்தப்பையை எடுக்க இன்னொரு அறுவை உண்டு, பிறகு. மஞ்சள் இறங்க நாளாகும். உடனே போகாது.

நவம்பர் 21, வெள்ளி

வெயில். ஆஸ்பத்திரி ஜன்னலில் மலை தெளிவாகத் தெரிகிறது.

பழனியம்மா இட்லி கேட்டாள். கேட்டு, சாப்பிட்டாள். சட்னி சப்பென்று இருக்கிறதாம். "இந்தச் சட்னிய நம்ம சேனல்ல போட்டா கல்லால அடிப்பாங்க. எங்கிட்டத்தான் கல்லு இருக்குதே, நானே அடிச்சுருவேன்." தானே சிரித்துக்கொண்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ராசிபுரம் கடைக்காரர் போன். அன்று என் நம்பரை வாங்கி வைத்திருந்தார்.

"மேடம், உங்க குடை இங்க இருக்குது. அப்புறம் அந்த மூணாவது லேப்டாப். கலர் புடிக்கலேன்னு போயிட்டீங்க. வேற கம்பெனி மாடல் ஒண்ணு வரவழைக்கட்டுங்களா?"

வேண்டாம் என்றேன். அந்த மூன்றாவதையே எடுத்து வையுங்கள். கலர் சரியாகத்தான் இருந்தது.

"சரியாவா? அன்னைக்கு அவ்ளோ கோவமாச் சொன்னீங்களே…"

கட்டிலிலிருந்து பழனியம்மா, சத்தமாக: "வெலையக் கொறைக்கச் சொல்லுங்க டீச்சரு! பையும் சும்மா தரச் சொல்லுங்க!"

அவருக்குக் கேட்டுவிட்டது. "யாருங்க மேடம், அந்த வீடியோல இருந்த அம்மாங்களா? எப்படி இருக்காங்க?"

நல்லா இருக்காங்க என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டு, ஜன்னல் பக்கமாக அவள் முகத்தைத் திருப்பி, ஒரு தடவை கண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "மஞ்சள் இன்னும் இருக்கு. ஆனா இறங்குது."