மழைக்கு இத்தனை கோடா?

தென்காசி
14-7-1958

மருமகன் சிரஞ்சீவி குற்றாலிங்கத்துக்கு, மூவுலகும் புகழும் உன் தாய்மாமன் நெல்லையப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. நான் சொல்லப்போகும் கதையை ஒரு பயலும் நம்பமாட்டான். இது சத்தியம்.

கப்பலேறிப் போனவன் இரண்டு வருஷம் கழித்து ஜப்பானிலிருந்து ஒரு படம் அனுப்பினாய். கூட ஒரு வரி இல்லை. பட்டணத்து நடுவே ஆறு, மேலே மரப்பாலம், குனிந்து ஓடும் சனங்கள், ஒற்றைப் படகு. அத்தனைக்கும் மேலே, உச்சியிலிருந்து அடிவரை நெருக்கமாகக் கறுப்புக் கோடுகள். மழை என்று எனக்குத் தெரிந்தது. பொடிச் சாரலிலேயே பிறந்து வளர்ந்த உன் அம்மாவுக்குத் தெரியவில்லை. "ஏலே, இது ஜெயில் கம்பிலா? பிள்ளை உள்ள இருந்து ஆத்தைப் பாக்கான்" என்று சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

அக்காளைத் தேற்ற நான் புரிந்த வீரச்செயல்களைக் கேள். குற்றாலத்துக்கு அழைத்துப் போய், பேரருவியை இடக்கையால் நிறுத்தி, வலக்கையால் படத்தை அதன் பக்கத்தில் பிடித்தேன். மழையேதான் என்று அங்குள்ள குரங்குகள் அத்தனையும் கையெழுத்துப் போட்டன. அவள் ஒப்பவில்லை. உன்னை எட்டிப் பார்க்க, இடிந்து நிற்கும் நம்மூர் மொட்டைக் கோபுரம் ஏழு நிலை வளர்ந்துவிட்டது என்றேன். சிரிக்கவில்லை.

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் மசூது பாயை வீட்டுக்கே கூட்டி வந்தேன். அவர் படத்தை மூக்கோடு ஒட்டிப் பார்த்து, "ஆச்சி, இது பலகையில செதுக்கி, மை தடவி ஒத்தி எடுத்தது. வானத்துல மரத்து ரேகை தெரியுது பாருங்க. ஒவ்வொரு கோட்டையும் கத்தியால செதுக்கியிருக்கான்" என்று வியந்தார். அதுவே வினையாயிற்று. "மழைக்கு எவன்லே இம்புட்டு மெனக்கெடுவான்? கம்பிக்குத்தான் மெனக்கெடுவான்" என்றாள் அக்காள். வழக்கு முடிந்தது.

பிள்ளைக்கு அங்கே என்ன கஞ்சியோ என்று அன்றிலிருந்து அவள் சோற்றைத் தொடுவதில்லை. வந்து பார்த்த டாக்டரும், இனித் தன்னைக் கூப்பிட்டுப் பயனில்லை என்று சொல்லிவிட்டார். நீ உறையில் எழுதியிருந்த துறைமுக விலாசத்துக்கு முன்பு போட்ட கடிதங்களுக்கும் பதில் இல்லை.

இன்றும் சாரல்தான். வாசல் நனைந்திருக்கிறது, மழை கண்ணில் படவில்லை. சற்று முன் படத்தை எடுத்துப் பார்த்தேன். எனக்கும் அது மழையாகத் தெரியவில்லை, மருமகனே.

எங்கிருந்தாலும் நன்றாக இரு. மழைதான் என்று ஒரு சொல் எழுதிப் போடு. வாசிக்க நான் இருப்பேன். கேட்க அவள் இருப்பாளா தெரியாது.

அருவியை நிறுத்தியது பொய். கோபுரம் வளர்ந்தது பொய். குரங்குகளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. சோற்று விஷயம் ஒன்று, சின்னதுதான், அது நிஜம்.

உன் மாமன்
நெல்லையப்பன்