தங்கம் அரிக்கும் ரப்பர் தட்டு

நவம்பர் 10, வெள்ளி

விடிந்ததிலிருந்து தூறல். இரண்டாவது ஷிப்ட், மதியம் போனால் போதும்.

எட்டாவது தட்டு நேற்று கம்பெனி ரப்பர் பிரஸ்ஸிலிருந்து எடுத்தது. இதுதான் சரி. கறுப்பு ரப்பர், சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிது, உள்ளே ஒரு பக்கம் மட்டும் பள்ளமாக ஏழு வரி. மண்ணும் தண்ணீரும் போட்டு ஆட்டினால் லேசானது வழிந்து போகும், கனமானது வரியில் தங்கும். கறுப்பில் மஞ்சள் பளிச். சவுகார்பேட்டையில் நகைப்பட்டறைச் சாக்கடை மண்ணை அரித்துத் தங்கத்தூள் எடுக்கிறவர்கள் இன்னும் துருப்பிடித்த இரும்புச் சட்டிதான் வைத்திருக்கிறார்கள். அதில் என்ன தெரியும்?

பதினான்கு வருடமாக மண்ணூர்பேட்டையில் அதே பிரஸ் முன்னால். தின்கிற சோற்றிலும் ரப்பர் வேகிற கந்தக வாடை. இந்தத் தட்டு விலைபோனால் வெளியே வரலாம். போகாவிட்டால் அங்கேயே கிடந்து வேக வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சவுகார்பேட்டை ஆள் ஒருவர் பார்க்க வருகிறார். தனபால் ஏற்பாடு. என் மச்சான், கோமதியின் தம்பி, வாய் உண்டு, வேலை இல்லை. வருகிறவர் முன்னால் தங்கத்தை அரித்துக் காட்ட வேண்டும். தங்கத்துக்கு எங்கே போவது? பட்டறை மண் ஒரு மூட்டை கேட்டால் முறைக்கிறார்கள். சாக்கடையில் ஆளுக்கு ஒரு பங்காம், அடுத்தவன் தொடக்கூடாதாம்.

வெள்ளி. கோமதிக்கு எண்ணெய்க் குளியல். வழக்கம்போல் கம்மலைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டுச் சீயக்காயோடு போனாள். திருகாணி இரண்டையும் எடுத்துச் சின்ன அரத்தால் ராவினேன். காகிதத்தில் விழுந்த தூள் ஒரு குண்டுமணி எடைகூட இராது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தர மாட்டாள். தந்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். நாலு தட்டு விற்றதும் புதுத் திருகாணியே வாங்கிவிடலாம்.

சொந்த வீட்டில் திருடன் மாதிரி உட்கார்ந்திருந்தது வெட்கமாக இருந்தது.

வாங்க: கண் மருந்து பாட்டில் (தங்கத்தூள் போட, காலி கிடைத்தால் போதும்), கொசுவத்தி, குடைக்குக் கம்பி.

நவ. 12, ஞாயிறு

மழை இல்லை. ஒரே சேறு.

இடம்: முனுசாமி அண்ணன் நிலம், ஏரிப்பக்கம். பம்புசெட்டில் தண்ணீர் தாராளம். திருமுல்லைவாயிலில் அவருக்கு மிச்சம் இந்த அரை ஏக்கர்தான். மற்றதெல்லாம் வீடாகிவிட்டது. இதையும் ப்ளாட் போடுகிறவருக்குப் பேசி முடித்தாயிற்று. வருகிற வெள்ளி பத்திரம். அதை வைத்துத்தான் தையில் அவர் மகள் கலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஆவடி.

காலை ஆறு மணிக்கே போய், பம்புசெட்டு ஓரம் மண்ணைக் கூட்டித் தூளைக் கலந்து வைத்தேன்.

ஆள் பத்து மணிக்கு வந்தார். வேடிக்கைக்குப் பதினைந்து பேர். எனக்குக் கை நடுக்கம். மூன்றாவது ஆட்டில் வரியில் மஞ்சள் கோடு. அவர் குனிந்து பார்த்தார். எங்கிருந்து வந்த தங்கம் என்று அவருக்குத் தெரியும், தொழில்காரர், கேட்கவில்லை. "ஆறு தட்டு கொண்டா. நல்லா கீது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பதினான்கு வருடம்.

தெரியாதவர்கள்தான் வாயைப் பிளந்தார்கள். முனுசாமி அண்ணன் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இன்னாடா செல்வராஜி, இது எம்மண்ணா?"

தனபால் முந்திக்கொண்டான். "பின்ன? கண்ணால பாத்துகினு கேக்கறியே அண்ணாத்தே! மண்ணு உன்து, தட்டு எங்க மாமாது!"

நான் வாயைத் திறக்கவில்லை. ஆள் இன்னும் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறவில்லை. அவர் போகட்டும், பிறகு சொல்லலாம் என்று. போனார். அதற்குள் ஆளாளுக்குக் கையைக் குலுக்கினார்கள். சொல்லவில்லை.

பாட்டிலில் சேர்த்தது: போட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். மீதி சேற்றோடு போயிருக்கும். கருவியைக் குறை சொல்ல முடியாது, கை நடுக்கம்தான்.

நவ. 14, செவ்வாய்

இடைவிடாத மழை. பஸ் ஸ்டாப்பில் யாரோ: "நம்ம ஏரியில தங்கம் எடுக்கறாங்களாம்பா. கவர்மெண்டு வர்றதுக்குள்ள அள்ளிக்கணும்."

கம்பெனியிலும் வந்துவிட்டது. சூப்பர்வைசர், இதுவரை நான் தட்டுக்கு ஸ்க்ராப் ரப்பர் எடுப்பதைக் கண்டும் காணாமலும் விட்டவர், தனியாகக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று நினைத்தேன். அவருக்கு இரண்டு தட்டு வேண்டுமாம்.

தட்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள், தனபால் நோட்டில்: பால்காரர், ரேஷன் கடைக்காரர் (2), கோயில் வாசல் பூக்கார அம்மா, பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். வாத்தியாருமா?

தனபாலிடம் கத்தினேன். "எல்லார் கிட்டயும் போயி உண்மையைச் சொல்லுடா."

"மாமா, நீ இன்னா லூசா? நாம தங்கமா விக்கறோம்? தட்டு விக்கறோம். தட்டு நல்ல தட்டு. கெடைக்கலன்னா அவன் அதிர்ஷ்டம்."

தட்டு நல்ல தட்டுதான். அதுதான் சங்கடம்.

நவ. 16, வியாழன்

முனுசாமி அண்ணன் பத்திரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். கோமதி குழாயடியில் கேட்டுவந்து சொன்னாள். "தங்கம் கீற பூமிய எவனாச்சும் விப்பானான்னு கேக்கறாராம். அவரு சம்சாரம் அழுதுகினு கீது." ப்ளாட்காரர் திங்கட்கிழமை வரை பார்ப்பாராம். அதற்குள் கையெழுத்து இல்லையென்றால் பக்கத்து நிலத்தை முடித்துவிடுவாராம்.

சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவைத்தேன். ஷிப்டுக்குப் போனேன். பிரஸ் திறக்கும்போது வருகிற ஆவியில் நின்றால் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. முதல் தடவையாக அந்த இடம் பிடித்திருந்தது.

நவ. 17, வெள்ளி

கார்த்திகை பிறந்துவிட்டது. எண்ணெய்க் குளியல். இதை மறந்தே போனேன்.

கம்மலைக் கழற்றியவள் திருகாணியை விரலில் வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னாங்க இது, எலி கடிச்சா மாதிரி கீது?"

எல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. எண்ணெய்த் தலையோடு உட்கார்ந்துவிட்டாள்.

"என் கிட்ட கேட்டுருந்தா கயட்டிக் குடுத்துருக்க மாட்டனா?"

அதைத் தாங்க முடியவில்லை. இவளைப் பற்றி நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் இத்தனை வருடம்.

பிறகு சொன்னாள்: "நாளைக்கு நானும் வரேன். திருகாணிய முனுசாமி அண்ணனாண்ட காட்டலாம். அந்தப் பொண்ணு கல்யாணம் நின்னா நாம இந்தத் தெருவுல தலை நிமிந்து நடக்க முடியாது."

நவ. 18, சனி

வெயில். முதல் ஷிப்ட். மாலை நான்கு மணிக்கு இருவரும் போனோம்.

முனுசாமி அண்ணன் கயிற்றுக் கட்டிலில். கலா டீ கொடுத்தாள். "குடிங்க சித்தப்பா." சொன்னேன், முழுவதும், தனபால் பெயரையும் சேர்த்து. கோமதி திருகாணிகளை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பத்து வருசம் போட்டா தேயத்தாம்மா செய்யும்."

"அண்ணே, நான் ராவினது."

"ப்ளாட்டுக்காரன் உன்னாண்ட வந்தானா? இப்டி சொல்றதுக்கு இன்னா தரேன்னான்?"

பொய் சொன்னபோது ஊரே நம்பியது, உண்மைக்கு ஒரு ஆள் இல்லை. கோமதி என் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு கலாவைக் கூப்பிட்டு நிறுத்தி, அவள் தலைமேல் தன் கையை வைத்து, "இவ மேல சத்தியம், அண்ணே" என்றாள். எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது.

அதற்குப் பிறகுதான் அவர் முகம் மாறியது. திருகாணிகளைக் கோமதியிடம் திருப்பிக் கொடுத்தார்.

"செரி. உன் தட்ட ஒண்ணு குடு. நாளைக்கு நாங்களே அலசிப் பாக்கறோம். ஒண்ணியும் வரலன்னா திங்கக்கெயம கையெயுத்து போட்டுடறேன். ஆவடிக்காரங்களுக்கும் நானே சொல்லிக்கறேன்."

வீட்டுக்கு ஓடிப்போய் நல்ல தட்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். எப்படி ஆட்டுவது என்று காட்டியும் கொடுத்தேன். அரிசி களைந்து கல் அரிக்கிற மாதிரிதான், கலா பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

ஏரி மண்ணில் எதுவும் வரப்போவதில்லை. திங்கட்கிழமை பத்திரம். சவுகார்பேட்டை ஆறு தட்டு அப்படியே இருக்கிறது, அவருக்கு உண்மை தெரியும். தனபால் நோட்டைக் கிழித்துவிடலாம். ஒரு வாரத்துக்குப் பிறகு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன்.

நவ. 19, ஞாயிறு

வெயில் நன்றாக. கோமதி இட்லி. எட்டரைக்கு மெதுவாக ஏரிப்பக்கம் நடந்தேன், வெறுந்தட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று.

பம்புசெட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் வயல் நடுவில் தோண்டவில்லை. தோண்ட ஏன் போகிறார்கள்? போன ஞாயிறு எங்கே வந்ததோ அங்கேதானே பார்ப்பார்கள். நான் அலசிக் கொட்டிய அதே மண். பம்புசெட்டு ஓரம், குவியலாக, ஒரு வாரமாக அங்கேயேதான் கிடந்திருக்கிறது. அதன் முன்னால் கலா குந்தியிருந்தாள்.

பாதிக்குக் கொஞ்சம் மேல் என்று நானே எழுதியிருக்கிறேன். மீதி?

ஓடினேன். சேற்றில் செருப்பு போயிற்று. "கலா, அத தொடாத, அது என்" என்பதற்குள் அவள் நிமிர்ந்தாள். நடுக்கமே இல்லாத கை. தட்டை லேசாகச் சாய்த்துக் காட்டினாள். கறுப்பில், நாலாவது வரியில், ஐந்தாவதில், ஏழாவதில்.

"சித்தப்பா!" முகமெல்லாம் சிரிப்பு. "இனிமே பொய் சொல்லாதீங்க சித்தப்பா."

அவளுக்குப் பின்னால் முனுசாமி அண்ணன். என்னைப் பார்க்கவில்லை. மண்வெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பால்காரரிடம் சொன்னார்: "ப்ளாட்டுக்காரன வர வேணாம்னு சொல்லிட்டு வா."