படகு பேட்டரி விஷயமாக

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று வழக்கப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா ஓட மாட்டேன் என்கிறது. போனில் பேசிவிடலாமே என்று கேட்பாய். நான் போனை எடுத்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள், அவளை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய விஷயமில்லை இது.

போன வாரம்கூட நீ கேட்டாய், என்னப்பா அந்தப் படகு பேட்டரி, புதுசா ஒண்ணு வாங்கிப் போட வேண்டியதுதானே என்று. புதுசுதான் அம்மா அது. வாங்கிப் போட்டும் அதே கதைதான். அக்கரை ஆஸ்பத்திரிக்கு அவளை மருந்து ஏற்றக் கூட்டிப்போகிற அன்றைக்குப் பார்த்துத்தான் மோட்டார் மக்கர் பண்ணும். முதல் நாள் சாயந்திரம் நான் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து துறையில் கட்டிப் படுதாவைப் போர்த்துவேன், அப்போது சொன்ன பேச்சைக் கேட்கும். காலையில் இவளைப் பலகையில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கயிற்றை இழுத்துக் கிளப்பலாம் என்றால், தோளில் கம்பி வைத்த பிறகு எனக்குத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கவே வக்கில்லை. மற்றப் படகுகள் விடியுமுன்பே தொழிலுக்குப் போய்விடும். பஸ்ஸில் போனால் முதல் நிறுத்தம் வருவதற்குள் அவளுக்கு வாந்தி. இப்படியே இரண்டு முறை மருந்து தவறிப்போயிற்று. டாக்டர் போனில் எரிந்து விழுந்தார், இன்னொரு தடவை தவறினால் இதுவரை ஏற்றினதும் வீண் என்றார்.

நான் சும்மா இருக்கவில்லை. பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டினேன், ஃப்யூஸை மாற்றினேன், அடி ஒயரைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்ப மாட்டினேன். மோட்டாரிலிருந்து வரும் கரண்டைப் பேட்டரிக்குத் தோதாக மாற்றிக் கொடுக்கிற சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது, அதுதான் போய்விட்டது என்று அதையும் மாற்றினேன். கடைசியில் மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். அவன் மோட்டாரை ஓடவிட்டு மீட்டரை வைத்தான், முள் பதினாலு வோல்ட்டைத் தாண்டி நின்றது. அண்ணே, சார்ஜ் ஜம்முனு ஏறுது, ஏறுனது எங்கயோ இறங்குது, அதத் தேடுங்க என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போனான். மூட்டையில் மேலே கொட்டுவதை எண்ணினேனே தவிர, அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அதுவும் ஆஸ்பத்திரி நாளில் மட்டும் ஏன் இறங்குகிறது என்பது என் மர மண்டைக்கு உறைக்கவில்லை. நம்ம நேரம் சரியில்லை என்றே நினைத்தேன்.

இதற்கு நடுவில் உன்னிடம் நான் பெருமையாகச் சொன்னது நினைவிருக்கும், அம்மா இப்போது காலையும் மாலையும் தானாகத் துறை வரைக்கும் நடக்கிறாள், டாக்டர் சொன்னபடி கேட்கிறாள் என்று. மருந்து நாள் மறுபடி வந்தது. மோட்டாரைப் பார்த்துவிடுவோம் என்று அவள் எழுமுன் நான் துறைக்குப் போய்ப் படுதாவைத் தூக்கினேன். படகின் முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எரிந்தது என்றா சொல்வது, அணையப்போகிற பீடி மாதிரி சிவப்பாகக் கனன்றது. ராத்திரி முழுக்கப் படுதாவுக்குள்ளேயே எரிந்திருக்கிறது. நான் போடவில்லை. திரும்பிப் பார்த்தால் உன் அம்மா வேலியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வருகிறாள். என்னைப் பார்த்ததும் பாதியிலேயே நின்றுவிட்டாள். மருந்து நாளுக்கு முந்தின சாயந்திரம் வந்து விளக்கைப் போடுவதும், விடிந்ததும் வந்து அணைப்பதும்தான் அவள் நடை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பைத்தியமா உனக்கு, சாகணும்னு ஆசையா என்று கத்திவிட்டேன். அவள் படகு விளிம்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள், அந்த மருந்து ஏறிட்டா அடுத்த மருந்து நாள் வரைக்கும் நான் மனுஷியாவே இல்லைங்க, வாயில எச்சில்கூடக் கசக்குது, படுக்கையோட கிடந்து உங்க முகத்தையே வெறுக்கிறேன். வேண்டாம்னு உங்ககிட்டச் சொன்னா நீங்க அழுவீங்க, நம்ம புள்ளகிட்டச் சொன்னா வேலைய விட்டுட்டு ஓடி வந்து என்னை இழுத்துட்டுப் போவா. படகு கெட்டுப்போச்சுன்னா யாரும் யாரையும் கோவிச்சுக்க வேண்டாம் பாருங்க. இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள் அம்மா. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து சார்ஜ் போட்டேன். இனி அவள் விளக்கைப் போட்டாலும் எரியாது, அன்றைக்குத் தவறினதற்கு டாக்டரைக் கெஞ்சி அடுத்த வாரம் தேதி வாங்கிக் கட்டாயம் கூட்டிப்போகலாம். அப்படித்தான் இருந்தேன். நேற்று அவளுக்குத் தலை துவட்டிவிடும்போது, துவட்ட என்ன இருக்கிறது, இருந்த முடியெல்லாம் போய்விட்டது, அப்போது ஒன்று தோன்றியது. வியாதி தெரிந்த நாள் முதல் கிளம்பு, எழுந்திரு, சாப்பிடு என்றுதான் நான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் போனில் அதையேதான் சொன்னாய். போகலாமா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டேன். வேண்டாங்க என்றாள். சரி என்றேன். சொல்லிவிட்டுக் கிணற்றடியில் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதேன், அவள் பயந்தபடியே.

அப்பா என்ன காரியம் பண்ணிவிட்டார் என்று நீ கொதிப்பாய். கொதி, திட்டு, ஆனால் என்னைத் திட்டு, அவளை ஒன்றும் சொல்லாதே. மருந்தை நிறுத்தினால் எவ்வளவு காலம் என்று டாக்டரைக் கேட்டேன், அவர் சொன்னதை இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை. லீவு சேர்த்து வைத்து வரலாம் என்று மட்டும் இருக்காதே. அவள் எழுந்து வாசல் வரை வந்து உன்னை வாம்மா என்று கூப்பிடும்படி இருக்கும்போதே வந்துவிடு. இழுத்துக்கொண்டு போக வராதே, கூட இருக்க வா.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க இந்தக் கிழவனின் ஆசி. நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு உன் அம்மா உள்ளே இருந்து குரல் கொடுக்கிறாள், மோட்டார் சரியாயிடுச்சுன்னு மட்டும் எழுதுங்க, புள்ள கவலைப்படப் போறா என்று.

மோட்டார் சரியாகிவிட்டது அம்மா.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா